கருவியில் பழுதில்லை

அந்த வாரத்தில் மூன்று இரத்த அழுத்தக் கருவிகளைப் பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். மூன்றையும் அனுப்பியவன் நான்தான்.

அப்போது நான் புனேயில் ஆராய்ச்சி முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். பாடம், நாள்பட்ட நோய்களின் நோய்ப்பரவலியல் (ஒரு நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்பதை ஊரையே எண்ணிப் பார்த்துச் சொல்லும் படிப்பு). போசரி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்துக் கேள்வித்தாள் நிரப்புவது என் ஆய்வு. நான் வளர்ந்ததும் அங்கேதான். அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அம்மா ஹிஞ்சேவாடியில் ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. களத்துக்குக் கிளம்பும் முன் எல்லாக் கருவிகளையும் ஒரே ஆளின் கையில் கட்டிப் பார்ப்போம். அந்த ஆள் நோய் எதுவும் இல்லாதவராக இருக்க வேண்டும். எண் சரியாக வந்தால் கருவி சரி. அதுவரை கை கொடுத்துவந்த சீனியர் படிப்பை முடித்துப் போய்விட்டார். எனக்கு இருபத்துநாலு வயது, பீடி சிகரெட் கிடையாது, தினமும் பஸ் நிறுத்தம் வரை சைக்கிள் மிதிப்பவன். நானே கையை நீட்டினேன்.

முதல் கருவி 168/110 என்று காட்டியது. பழுது. மறுநாள் இரண்டாவது அதற்கும் மேலே. அதுவும் பழுது. மூன்றாம் நாள் மூன்றாவதும் அப்படியே. பதிவேட்டில் 'கருவிப் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு நிற்கவில்லை. அதே வாரத்தில்தான் சேகரித்த தரவைச் சுத்தம் செய்யும் நிரலை எழுதிக்கொண்டிருந்தேன். முப்பது வயதுக்குக் கீழே யாருக்காவது மேல் எண் 160ஐத் தாண்டியிருந்தால் அந்த வரியை நீக்கிவிடு என்று அதில் ஒரு விதியைச் சேர்த்தேன். இளவயதுக்காரர்களிடம் கருவி இப்படித் தப்பாகக் காட்டும் என்பதற்கு என் கையே சாட்சி என்று நினைத்தேன். களத்திலும் அப்படி எண் வந்த ஒருவனிடம் மெஷின் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கு நான்காம் நாள், பழுது பார்க்கப் போன மூன்றும் திரும்பி வந்தன. மூன்றின் மேலும் ஒரே சீட்டு: பழுது ஏதுமில்லை.

என்னோடு களத்துக்கு வரும் ஸ்னேஹல், சதாரா ஊர்க்காரி, என் கையிலிருந்த பட்டையைப் பிடுங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். 112/70. மற்ற இரண்டிலும் ஏறக்குறைய அதேதான். எங்களுக்குள் பேச்சு எப்போதும் இந்தியில்தான்.

"அரே பாபா, மெஷினெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியது உன்னைத்தான்."

"பஸ்ல நின்னுக்கிட்டு வந்தேன், அதான்."

"மூணு நாளும் நின்னுக்கிட்டேவா வந்த? ஃபார்ம்ல இருக்கிற கேள்வியை நானே கேக்கறேன். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்குன்னு டாக்டர் எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"இல்ல."

"கடைசியா எப்போ டாக்டரைப் பார்த்தீங்க?"

நூற்றுக்கணக்கான வீடுகளில் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். அழுத்தம் கூடியிருந்தும் 'இல்லை' என்பவர்களைக் கண்டறியப்படாதவர்கள் என்று குறிப்போம். அன்று அந்தக் கட்டத்தில் நான் நின்றேன்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. மாலையில் பின்மண்டை வலிக்கும், வெயில் என்பேன். கழிப்பறையில் நுரை கலையாமல் நிற்கும், அம்மா ஊற்றும் பினாயில் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. படித்தவனுக்குக் காரணம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

பரிசோதித்தால் சிறுநீரில் புரதம் போனது. இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.9 இருந்தது, 1.2ஐத் தாண்டக் கூடாது. சிறுநீரக மருத்துவர் ஐம்பது வயதைத் தாண்டிய மராத்திப் பெண்மணி, கறாரானவர். நான் என்ன படிக்கிறேன், இது எப்படித் தெரியவந்தது என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மூணு மெஷினைத் திருப்பி அனுப்பினீங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லவேளை, நாலாவது வாங்கல."

பயாப்சி (சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளியளவு சதை எடுத்துப் பார்ப்பது) செய்தால்தான் எந்த நோய் என்று தெரியும் என்றார். ஒப்புதல் படிவத்தில் என் கையெழுத்தோடு வீட்டார் ஒருவரின் ஒப்பமும் வேண்டும். அப்பா சுட்டி (விடுப்பு) போட்டுவிட்டு வந்திருந்தார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன். இரத்தக் கசிவு வரலாம், ஒரு நாள் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனவன், வாய்ப்பழக்கத்தில் எங்கள் ஆய்வுப் படிவத்தின் கடைசி வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்: "விருப்பமில்லாவிட்டால் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்."

அப்பா மை தடவிய கட்டைவிரலைத் தூக்கியபடியே கேட்டார்: "வெலகிட்டா கிட்னி சரியாப்பூடுமாடா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு அத சொல்ற? எங்க வெக்கணும், காட்டு."

குப்புறப் படுக்கவைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள். ஸ்டேப்ளர் அடித்தது போல் ஒரு சத்தம், இரண்டு முறை. வலி இதைப் படிப்பவர்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பிறகு பல மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடந்ததுதான் கஷ்டம்.

ஐஜிஏ நெப்ரோபதி என்று வந்தது (நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஒரு புரதம் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அவற்றைக் கெடுக்கும் நோய்). இதில் சிலருக்குச் சிறுநீரகம் வாழ்நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும். சிலருக்குச் சில வருடங்களில் செயலிழந்து டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) வரை போகும். நான் இதில் எந்தப் பக்கம்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். இரண்டு நாள் உட்கார்ந்து கட்டுரைகளாகப் படித்தேன். எல்லாவற்றிலும், வருடம் போகப்போக எத்தனை பேருக்குச் சிறுநீரகம் தாங்குகிறது என்று காட்டும் ஒரு வரைபடம் இருந்தது. கோடு மாடிப்படி போல் கீழே இறங்கும். தேர்வுக்காகப் பலமுறை வரைந்த கோடுதான். ஒவ்வொரு படியும் ஓர் ஆள் விழுந்த இடம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மருத்துவரிடம் போய், "என் மாதிரி ஆளுக்குப் பத்து வருஷத்துல எத்தனை சதவீதம் மேடம்?" என்று கேட்டேன்.

"அதை உங்க தீசிஸ்ல எழுதுங்க. இங்க மாத்திரை சாப்பிடுங்க, உப்பைக் குறைங்க" என்றார்.

உப்புதான் வீட்டில் பெரிய பிரச்சினையானது. அம்மாவுக்கு என் நோயைவிட உப்பில்லாத குழம்பு அவமானமாக இருந்தது.

"நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்டா இத."

"அளவோட போடலாம்மா. அப்பளம், ஊறுகா, கருவாடுதான் கூடவே கூடாது."

அப்பா வீராப்பாகச் சொன்னார்: "புள்ள திங்கிறதத்தான் நானும் திம்பேன். இனிமே ஒரே சட்டி."

பத்து நாள் அப்படியே நடந்தது. பதினோராம் நாள் அம்மா அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போது மூடியின் உட்பக்கம் ஊறுகாய் எண்ணெய் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"யார்யா குடுத்தது?"

"கூட வேல செய்ற பாட்டீல் குடுத்தாரு. வேணாம்னா கோச்சிக்குவாரு."

"தெனமுமா கோச்சிக்கிறாரு அந்த மனுசன்?"

அன்று நான் சிரித்த சிரிப்பில் முதுகில் ஊசி போட்ட இடம் சுருக்கென்றது. நோய் தெரிந்த பிறகு வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு.

ஸ்டீராய்டு (உடலின் எதிர்ப்பு வேகத்தைத் தணிக்கும் மருந்து) ஆறு மாதம். முகம் பூரி போல உப்பியது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம், "இப்பத்தான்க்கா தம்பி நல்லா தேறியிருக்கு" என்றாள். அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

இடையில் எனக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது. என் விதி நீக்கிய வரிகளைத் திரும்ப எடுத்தேன். நான்கு வரிகள், நான்கு பேர், எல்லோரும் என் வயதுக்காரர்கள். வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல்ல அந்த வீடுகளுக்குப் போ. அத்தியாயம் எங்கயும் ஓடிப்போகாது" என்றார்.

ஸ்னேஹலும் நானும் போனோம். பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்யும் ஒருவன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "அன்னிக்கு மெஷின் சரியில்லைன்னு நீதானே சொன்ன?" என்று மராத்தியில் கேட்டான்.

"ஆமா. நான் சொன்னதுதான் தப்பு" என்று பையிலிருந்து என் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். உப்பியிருந்த என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கதவை முழுசாகத் திறந்தான்.

நால்வரில் மூன்று பேருக்கு உண்மையாகவே அழுத்தம் இருந்தது. இன்று மூவரும் மருந்து சாப்பிடுகிறார்கள். நாலாவது ஆளுக்கு எத்தனை முறை பார்த்தும் 118தான். அவன் விஷயத்தில் கருவி நிஜமாகவே தப்பாகக் காட்டியிருந்தது. அவன் எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தான்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போதுதான் நோய் தெரிந்திருக்கலாம். சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. வயது இருக்கிறது, தெம்பு இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கையில் ஒரு பட்டை, ஒரு சின்னப் புட்டி சிறுநீர், இவ்வளவுதான் அது கேட்பது. நான் இப்போது காலையில் எழுந்ததும் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா (நீர் தேங்கினால் விழும்) என்று பார்க்கிறேன். முன்பு உடம்பை நினைக்காமலே நாள் போகும். இப்போது தினமும் அதோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறேன். பயமாக இல்லை. ஒரே அறையில் தங்கியிருப்பவனை விசாரிப்பது மாதிரிதான்.

அக்டோபரில் தொடங்கியது இது. ஜூனில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மறுவாரம் மருத்துவரைப் பார்க்கப் போனேன். அம்மாவும் வந்தாள். கிரியேட்டினின் 1.4. புரதம் வெகுவாகக் குறைந்திருந்தது. மருத்துவர் அறிக்கைகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். நின்னிருக்கு. பிரஷர் மாத்திரை தொடரட்டும். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே நடைக்கூடத்தில் அம்மா கேட்டாள்: "அடுத்து எப்பவாம்?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசமா! நடுவுல ரத்தம் எடுக்க வேணாமா?"

"வேணாமாம்."

"நல்லாக் கேட்டியாடா?"

அதுவரை என் நாட்களைப் பதினைந்து பதினைந்தாகத்தான் எண்ணிவந்தேன். ஓர் இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுக்கு. தேதியைக் குறித்துக்கொள்ள கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து விரலால் தள்ளினேன். மழைக்காலம் போனது, கணபதி விழா போனது, தீபாவளியும் போனது. எந்தக் கட்டத்திலும் ஒரு குறிப்பும் இல்லை. அவ்வளவு வெறும் நாட்களை மொத்தமாகப் பார்த்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. டிசம்பரில் ஒரு நாளைக் குறித்துவிட்டு மூடினேன்.

அதற்குள் அம்மா வாசலில் ஒரு ரிக்ஷாவை நிறுத்தியிருந்தாள். "வாடா, பசிக்குது" என்றாள்.

எனக்கும் பசித்தது. ஸ்டீராய்டு சாப்பிடும்போது ஓயாமல் பசிக்கும். அது மருந்தின் பசி. மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இது என்னுடையது.