குவைத்துப் பனி

தங்கை வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் நாளுக்குப் பாட்டு சேர்த்துத் தருவதாக நான்தான் வாயைக் கொடுத்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது வெளிநாடு போனால் வேன் பிடித்து, லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் ஏறி, கட்டுநாயக்க விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு வருவது வழக்கம். அழப்போகிறவர்கள் இரண்டு பேர் என்றால் விமானம் பார்க்கப் போகிறவர்கள் பத்துப் பேர். நோர்வூட்டிலிருந்து கீழே இறங்கும் நேரம் முழுக்க வேனில் பாட்டு ஓட வேண்டும். வேன்காரரிடம் இருந்ததெல்லாம் காதல் தோல்விப் பாட்டு. அதைக் கேட்டுக்கொண்டு போனால் கினிகத்தேனை வளைவுகளில் எல்லோருக்கும் குமட்டும்.

அதனால் ஒரு விதி வைத்தேன். பாட்டுக்குள் வெளிநாட்டு ஊர் ஒன்றின் பெயர் வர வேண்டும். கடல், கப்பல், விமானம் என்று பொதுவாகப் பாடினால் சேராது. ஊர் பெயரைக் காதால் கேட்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு புத்தளத்தில் இறால் பண்ணை, வவுனியாவில் செங்கல் சூளை, கொழும்பில் ஹோட்டல் பின்கட்டு, பொல்பிட்டியவில் வாய்க்கால் துப்புரவு என்று ஓரிடத்தில் ஒட்டாமல் திரிந்தேன். எங்கும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. இங்கிலீஷ் எழுத்துகளைப் பெட்டிகளின் மேலும் பஸ் பலகைகளிலும்தான் படித்தேன். கப்பல் ஏறியதோ விமானம் ஏறியதோ இல்லை. ஆனால் ஊர்ப் பெயர்கள் எனக்குப் பிடிக்கும். போகாத ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பதே பாதிப் பயணம் போன மாதிரி இருக்கும்.

மழை பெய்து வேலை நின்ற ஒரு பிற்பகலில் போனை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். சிங்கப்பூருக்கு நாலு பாட்டு, லண்டனுக்கு மூன்று, அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இரண்டிரண்டு கிடைத்தன. பக்கத்து வீட்டுச் சித்தி கொழுந்துக் கூடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"மதுரைப் பாட்டு ஒன்னு போடு."

"மதுரை வெளிநாடா சித்தி?"

"பாஸ்போட்டு இல்லாம போக முடியுமா? அப்பறம் என்னா, வெளிநாடுதான்."

"அப்ப அங்கேயிருந்து வந்த நம்ம தாத்தாமாரெல்லாம் வெளிநாட்டுக்காரங்களா?"

"அதத்தானே நூறு வருசமா நமக்குச் சொன்னானுங்க," என்று சொல்லிவிட்டுச் சித்தி உள்ளே போனார். மதுரையைச் சேர்த்தேன்.

தங்கை உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "அண்ணே, அம்மாவுக்கு ஒரு பாட்டு வேணும். அம்மாவும் வெளிநாடு போய் வந்தவதானே."

அது நியாயம். அம்மா குவைத்தில் இருந்தவர். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது போனார், மூன்று வருடம் இருந்தார். தங்கை அவர் திரும்பி வந்த பிறகு பிறந்தவள். அப்பா அதன்பின் ஒரு சவுக்கு மரம் வெட்டும்போது அது தவறான பக்கம் சாய்ந்து விழுந்ததில் செத்துப்போனார். அம்மா மறுபடி கொழுந்துக்குப் போய், இப்போது முட்டி தேய்ந்து வீட்டில் இருக்கிறார். எங்கள் லயத்தில் வீட்டு வேலைக்கு வெளிநாடு போன பெண் எந்த நாட்டில் இருந்தாலும் "குவைத்துல இருக்கா" என்றுதான் சொல்வார்கள். இப்போது அதே இடத்தில் "டுபாய்" வந்துவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை.

குவைத் என்ற பெயர் வரும் பாட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே உள்ள நகரத்தின் பெயரிலாவது ஒன்று அகப்படும் என்று அம்மாவைக் கேட்டேன்.

"குவைத்துல நீங்க இருந்த டவுனு எதும்மா?"

அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "பெய்ரூத்து," என்றார். தலையைத் தூக்கவில்லை.

போனில் அந்தப் பெயரைச் சொன்னேன். பாட்டு வரவில்லை. படங்கள் வந்தன. கடலோரம் ஒரு பெரிய பட்டணம். அதற்குப் பின்னால் மலை. மலை முழுக்க வெள்ளை. வெள்ளைக்குள் கழுத்து வரை புதைந்த மாதிரி மரங்கள்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அம்மாவின் கசெட்டுகள் நினைவுக்கு வந்தன.

அம்மா அங்கிருந்து, திரும்பி வரும் பெண்கள் கையில் கசெட் கொடுத்தனுப்புவார். எழுதத் தெரியாதவர், பேசிப் பதிந்து அனுப்புவார். ஒரு கசெட்டில் சொல்லியிருந்தார்: தம்பி, இங்க பனி கொட்டுது, நம்ம நுவரெலியா பனி மாதிரி இல்ல, கையில அள்ளி உருண்டை புடிக்கலாம், ஜன்னல் வரைக்கும் நிக்குது. நான் அதை வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். வாத்தியார் கரும்பலகையில் ஒரு ஒட்டகமும் ஒரு சூரியனும் வரைந்து, அதன் கீழே குவைத் என்று எழுதி, "எங்கேயடா பனி?" என்று கேட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும் வரைக்கும் என் பெயர் 'குவைத்துப் பனி'. ஓடும்போது, தண்ணீர் குடிக்கும்போது, பாடம் ஒப்பிக்க எழுந்து நிற்கும்போது எல்லாம் அதுதான்.

அம்மா திரும்பி வந்த வாரம், லயத்துப் பெண்களை உட்கார வைத்துப் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எல்லோர் முன்னாலும், "பொய் சொல்லாதீங்கம்மா, குவைத்துல பனி பெய்யாது," என்று கத்தினேன். பெண்கள் சிரித்தார்கள். அம்மா அதற்குப் பிறகு பனி என்ற பேச்சையே எடுக்கவில்லை. முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

படத்தின் கீழே லெபனான் என்றிருந்தது. போனை அம்மாவிடம் நீட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இதான்," என்றார். "இந்த மலைதான். அந்த வீடு இதுலதான் மேல இருந்திச்சு, மாடியிலேருந்து பாத்தா இப்படித்தான் தெரியும்."

"அம்மா, இது குவைத்து இல்ல. இது லெபனான். வேற நாடு."

"குவைத்துன்னுதானே ஏஜென்சிக்காரன் சொன்னான்?"

"பெய்ரூத்துன்னா?"

"அது குவைத்துல ஒரு டவுனு. நம்ம ஹட்டன் மாதிரி."

சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த பழைய பாஸ்போர்ட்டை எடுத்தேன். விசா முத்திரையில் பாதி அரபு, பாதி இங்கிலீஷ். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். லெபனான். சந்தேகமே இல்லை. என் அம்மா மூன்று வருடம் எந்த நாட்டில் இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. அப்பா எழுதிய கடிதங்கள் ஏஜென்சி வழியாகப் போயின. அங்கே செத்திருந்தால் நாங்கள் குவைத்தில்தான் தேடியிருப்போம்.

அம்மா என்னைவிட அமைதியாக இருந்தார். "வீட்டுக்குள்ளதானே இருந்தேன். வெளியில எந்த நாடா இருந்தா என்னா," என்றார். பருப்புத் தட்டை மறுபடி மடியில் எடுத்தார். ஆனால் கல் பொறுக்கவில்லை. விரலால் பருப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டேயிருந்தார்.

தங்கை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் போனை நீட்டினாள். தோட்டங்களில் ஆள் பிடித்துக் கொடுக்கும் சப் ஏஜென்ட் அனுப்பிய விசாவின் படம் அதில் இருந்தது. "டுபாய்ன்னு போட்டிருக்கான்னு பாருங்கண்ணே."

அவளுக்கு டுபாய்தான் வேண்டும். மேல் லயத்துச் சிநேகிதி ஒருத்தி அங்கே இருக்கிறாள். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் இரண்டு பேரும் சந்திப்பதென்று பேச்சு. அந்த ஒரு சிநேகிதியை நம்பித்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். டுபாய் எங்கும் இல்லை. ஓமான், மஸ்கட் என்றிருந்தது.

சப் ஏஜென்டுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, அது டுபாய்க்குப் பக்கத்துலதான். ஹட்டனும் நுவரெலியாவும் மாதிரி. அங்க எல்லாம் ஒன்னுதான்."

"எந்த வீடு, யாரு வூட்டுக்காரங்க, அட்ரஸ் குடுங்க."

"அட்ரஸா? தங்கச்சி என்ன கடுதாசி போடவா போகுது? ஏர்போர்ட்டுக்கு வாங்க, அங்க எல்லாம் தாறேன்."

தங்கை போனை வாங்கினாள். "அங்க தரலன்னா நான் ஏறமாட்டேன்." கட் பண்ணினாள்.

இரண்டாம் நாள் காலையில் வேன் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று நான் கேட்டேன். பாஸ்போர்ட் சப் ஏஜென்டிடம் இருக்கிறது என்றாள் தங்கை. அதற்காகவாவது போக வேண்டும். பதின்மூன்று பேர் ஏறினோம். சித்தி புதுச்சேலை கட்டியிருந்தார். அம்மா முன் சீட்டில். நான் பென் டிரைவைக் கொடுத்தேன். சிங்கப்பூர் ஓடியது, லண்டன் ஓடியது, மதுரைப் பாட்டு வந்தபோது பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் அந்த இரண்டு நாளும் தேடியிருந்தேன். மஸ்கட்டுக்குப் பாட்டு கிடைக்கவில்லை. பெய்ரூத்துக்கும் கிடைக்கவில்லை. எங்கள் பெண்கள் போகிற எந்த ஊருக்கும் என் கையில் ஒரு பாட்டுகூட அகப்படவில்லை. பாட்டெழுதியவர்கள் போன ஊர்கள் வேறு போலிருக்கிறது.

விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தில் சப் ஏஜென்ட் நின்றுகொண்டிருந்தார். கையில் நாலு கவர். அவரைச் சுற்றி இன்னும் மூன்று பெண்கள், ஆளுக்கொரு புதுப் பை. வட்டகொடைப் பக்கத்துப் பிள்ளைகள் என்று பிறகு தெரிந்தது.

அம்மா வேனிலிருந்து மெதுவாக இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றார். நான் பேசலாம் என்று வாயெடுப்பதற்குள் அம்மாவே கேட்டார்.

"எந்த நாடு?"

"அம்மா, நீங்க ஏன் இந்த வயசுல..."

"எந்த நாடு, எந்த ஊரு, யாரு வூடு? சொல்லுங்க. நான் கேக்காம போனவ."

சப் ஏஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் போகுது என்றார். அம்மா நகரவில்லை. தங்கை பக்கத்தில் வந்து மிகவும் மரியாதையாக, "பாஸ்போட்ட ஒருக்கா குடுங்க, பேரு சரியா அடிச்சிருக்காங்களான்னு பாக்கணும்," என்றாள். அவர் சந்தோஷமாகக் கவரைப் பிரித்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அட்ரஸ்?"

"தங்கச்சி, வெளையாடாதீங்க."

"வெளையாடல. அட்ரஸ் இல்லன்னா வீட்டுக்குப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். குரல் மாறியது. யாரைப் போய்ப் பார்ப்பேன், என்ன செய்வேன் என்றெல்லாம் மிரட்டினார். ஆனால் முகவரியை மட்டும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே இருக்கிறவன் அவருக்குச் சொல்லவில்லை. அவர் எங்களுக்கு டுபாய் என்று சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

அந்த மூன்று பெண்களில் சின்னவள் என் சட்டையைத் தொட்டாள். "அண்ணே, என்னோடதையும் வாசிச்சுச் சொல்லுங்களேன்."

சப் ஏஜென்ட் தடுப்பதற்குள் போனை நீட்டிவிட்டாள். வாசித்தேன். சவூதி, ரியாத். அடுத்தவளுடையது அதே மஸ்கட். மூன்றாவது ஜோர்தான். மூன்று பேருக்கும் டுபாய் என்று சொல்லப்பட்டிருந்தது. சின்னவள், "ரியாத்து டுபாய்க்குப் பக்கமா?" என்று கேட்டாள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். மற்ற இருவரும் அழவில்லை. ஜோர்தான்காரி தோளில் பையை மாட்டிக்கொண்டு, "பேரு தெரிஞ்சதே போதும்ண்ணே, வீட்டுக்குச் சொல்லிருவேன்," என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள். மஸ்கட்காரி அவள் பின்னால் போனாள். சின்னவள் எங்கள் வேனில் ஏறிக்கொண்டாள். அவளை வட்டகொடையில் விட்டுவிட்டுப் போகலாம் என்று வேன்காரரே சொன்னார்.

காவலாளி வேனை எடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் பெரும் சத்தத்தோடு ஏறியது. எல்லோரும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள்.

"சரி, பிளேன் பாத்தாச்சு," என்றார் சித்தி. "புள்ளையும் இருக்கு. போவோம்."

திரும்பும்போது வேன்காரர் பழக்கத்தில் பென் டிரைவைத் தட்டினார். சிங்கப்பூர்ப் பாட்டு ஒன்று பாதியிலிருந்து தொடர்ந்தது. அம்மா, "தம்பி, அதக் கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றார். தங்கை பைக்குள் கையை விட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வேலை இல்லை. நாளைக் காலையில் தோட்டத்து ஆளெடுப்புப் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

நான் முன் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தேன்.

"அம்மா, அந்தப் பனி எவ்வளவு உயரம் நிக்கும்?"

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத நாளு நான் உப்புன்னு நெனச்சேன்," என்றார். "யாரோ கொட்டிட்டு அள்ளாம போய்ட்டாங்கன்னு. மாடிக்குப் போய்க் கையில எடுத்துப் பாத்தேன். ஒரு எழவும் ருசியில்ல. அப்பறம் வெரல் எரியுது. நெருப்பு மாதிரி எரியுது."

வேன்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எங்கேம்மா, குவைத்துலயா?"

"இல்ல," என்றார் அம்மா. "லெபனான்ல. பெய்ரூத்துக்கு மேல மலை. நம்ம லயம் அங்க இருந்தா கூரை மட்டுந்தான் தெரியும்."

பின் சீட்டிலிருந்து சித்தி, "கூரை வரைக்குமா?" என்று கேட்டார்.

"கூரை வரைக்கும்," என்று நான் சொன்னேன்.