உப்பு வரம்பில் ஓடிய தம்பி

போர்க்காலத்தில் இயக்கத்தார் முஸ்லிம்களான எங்களை வடக்கிலிருந்து விரட்டிய பிறகு, தில்லையடிப் பக்கத்து அகதி முகாமில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு குடிசைக்குள் ஒதுங்கினோம். பதினேழு வயதுத் தம்பி கதைப்பதையே விட்டுவிட்டான். பாடசாலை ஓட்டப்போட்டியில் அவனை எவரும் பிடித்ததில்லை. இங்கே கிடுகைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான்; இரவில் அலறி எழும்பினான். உம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்தார். அவனுடைய நானா, அதாவது அண்ணன், நான் ஏசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஒரு நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அவனை உப்பளப் பக்கம் இழுத்துப் போனேன். பாத்திகளுக்கு நடுவே நீண்டு கிடந்த வரம்பில், "என்னப் பிடி பாப்பம்" என்று ஓடினேன். ஐம்பது அடி போகுமுன் என்னைத் தாண்டிவிட்டான். அதன்பின் தினமும் ஓடினோம். இரண்டு கிழமையில் அலறாமல் தூங்கினான். காலைச் சாப்பாட்டில் இன்னொரு துண்டு பாண் கேட்டான். உம்மா அடுப்படியில் இருந்து அழுதார்.

முகாமுக்குள் மட்டும் ஓடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். யாராவது ஓடினால், மறுபடி விரட்டுகிறார்கள் என்றே எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். ஒவ்வொரு குடிசையிலும் மூட்டை கட்டியபடியே இருந்தது.

ஒரு காலை, திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. "நனையாம ஓடிப் போவம், வா" என்று சொன்னது நான்தான். முகாம் வாசலிலும் நாங்கள் நிற்கவில்லை. "வந்திட்டாங்க!" என்று யாரோ கத்த, மூட்டையும் பிள்ளையுமாகச் சனம் றோட்டுக்கு ஓடியது. பக்கத்துக் குடிசை மாமி சேற்றில் விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

எல்லோரும் எங்களைச் சுற்றி நின்று சத்தம் போட்டார்கள். நான் தம்பியின் கன்னத்தில் அறைந்தேன். "எத்தன தரம் சொன்னன், ஓடாதெண்டு!"

அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சனத்துக்குப் பயந்து அவன் தலையில் பழியைப் போட்ட கோழை நான். மறுநாள் ஓடக் கூப்பிட்டபோது கிடுகுப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இன்று பார்ப்பவர்கள் அவனைத்தான் மூத்தவன் என்பார்கள். டாக்டர் தந்த குளிசை போடாமல் அவனுக்குத் தூக்கமில்லை. முகாம் இருந்த இடத்தில் கல்வீடுகள் வந்து, அங்கேயே பிறந்த பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடுகிறார்கள். போன மாதம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: "அண்டைக்குப் பிழை என்னோட. உப்பளப் பக்கம் ஓடிப் பாப்பமா?"

"வேணாம் நானா" என்றான். "சனம் பயந்திடும்."