மறைக்காமல் போன முகவரிகள்

கிட்வே நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எச்.ஐ.வி. மாத்திரைப் பிரிவின் குமாஸ்தா கலூபாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பாஸ்டர் கார் வாங்கினாலும் அவள் மூலம்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் மாத்திரை வாங்குகிறவர்களைப் பற்றிப் பதினோரு வருஷமாக மூச்சு விட்டதில்லை. கட்டிய புருஷனே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான்.

மாத்திரை வாங்குகிற எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல்தான் போகும். முகவரிகளை பிசிசி கட்டத்தில் போட்டால் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. மாத்திரை கொடுக்கும் நாளை வியாழனுக்கு மாற்றியிருந்தார்கள். அதைத் தெரிவிக்க வேண்டிய அன்றைக்கென்று பத்து மணிக்கு கரண்ட் போகும், சாயங்காலம் வரை வராது என்று அறிவித்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் இருக்கையில், நூற்று நாற்பத்திரண்டு முகவரிகளையும் எல்லார் கண்ணிலும் படும் மேல் கட்டத்திலேயே ஒட்டி அனுப்பிவிட்டாள். திரை இருண்ட பிறகுதான் உறைத்தது. 

அடுத்த வீட்டு டீச்சர் முத்தாலேயின் முகவரியும் அதில் இருந்தது, முழுப்பெயரோடு. கட்டிக்கப்போகிறவனுக்கு அவள் விஷயம் தெரியும். அவன் வீட்டாருக்குத் தெரியாது. "என் பேரு வெளிய வராதுல்லக்கா?" என்று மாத்திரைக்கு வந்த முதல் நாளே கேட்டவளிடம், "என் உசுரு போனாலும் வராதுடீ" என்று சொன்னவள் கலூபாதான்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுத் தூதுவர் கபாசா வந்தார். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எல்லாம் தூதுவர் வாய்வழிதான். தான் கொண்டுவந்து வைத்த நிச்சயத் தட்டைத் திருப்பிக் கேட்டார்.

"காரணத்தச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க," என்றார் முத்தாலேயின் அப்பா.

"உங்க பொண்ணக் கேளுங்க."

வாசலில் நின்று கலூபா கேட்டுக்கொண்டிருந்தாள். கபாசாவும் ஆறு வருஷமாக அதே மாத்திரை வாங்குகிறவர். அவர் முகவரியில் பெயர் கிடையாது, ஏதோ கால்பந்துக் குழுவின் பெயரும் நாலு எண்களும்தான். அது யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொல்லமாட்டாள் என்பது அந்த மனுஷனுக்கும் தெரியும்.

"வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று அவளையே பார்த்துக் கேட்டார்.

"போகுதுங்க ஐயா."

முத்தாலே உள்ளே போய்த் தட்டைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாள். கலூபாவின் அருகில் நின்றாள்.

"அந்த லிஸ்ட்ல இருக்குற யாரோதான் சொல்லியிருக்காங்க. யாருக்கா அது?"

சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நாக்கு துடித்தது.

"தெரியலடீ."

"சரி. என் பேர அதுலருந்து எடுத்துடுங்க. இனிமே நான் மாத்திரைக்கு வரல."

தட்டை வாங்கிக்கொண்டு கபாசா நன்றி சொன்னார். வியாழக்கிழமை அவர் வந்து வரிசையில் நின்றார். முத்தாலே வரவில்லை.