நாலு மணி நிலா

இருபது வருடம் அறிவியல் டீச்சராக இருந்தும், நிலா ஏன் தேய்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. பூமியின் நிழல் விழுவதால் என்றுதான் நம்பினேன். யாரும் சொல்லித் தந்ததல்ல. கிரகணப் பாடத்தைப் படித்துவிட்டு நானாகக் குழப்பிக்கொண்டது. அதையே வருடாவருடம் போர்டில் எழுதிப் போட்டேன்.

பதினைந்து வருடம் முன்னால், எட்டாவதில் அடி அண்ணாமலைப் பெண் ஒருத்தி படித்தாள். கிரிவலப் பாதையில் அவள் அம்மாவுக்குச் சின்னக் கடை. பௌர்ணமிக்கு எத்தனை நாள் இருக்கிறது, எப்போது சரக்கு வாங்கிப் போடலாம் என்று காலண்டர் பார்க்காமல் வானத்தைப் பார்த்தே சொல்லுவாள். ஒருநாள் எழுந்து நின்று கேட்டாள்.

“பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாயங்காலம் நாலு மணிக்கே அரை நிலா மேல இருக்குது மிஸ். சூரியன் இந்தப் பக்கம் இருக்குது. பூமி நம்ம காலுக்குக் கீழ இருக்குது. அப்புறம் நெழல் எப்படி அங்க போய் விழும்?”

வகுப்பு சிரித்தது. பதில் தெரியாதபோது வருமே ஒரு கோபம், அது எனக்கு வந்தது. அதிகப்பிரசங்கி என்று திட்டி, ‘பூமியின் நிழல்’ என்று ஐம்பது தடவை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தாள். அதற்குப் பிறகு அவள் எதுவுமே கேட்கவில்லை. பரீட்சையிலும் நிழல் என்றே எழுதினாள். பாவி நான், முழு மதிப்பெண் போட்டேன்.

போன வருடம் ஒரு பயிற்சியில், இருட்டறையில் ஒற்றை பல்பை எரியவிட்டு, ஆளுக்கொரு பந்தைக் கையில் கொடுத்து நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றச் சொன்னார்கள். பல்பு சூரியன், பந்து நிலா, நம் தலைதான் பூமி. பல்பு எனக்குப் பக்கவாட்டில் வந்தபோது பந்து பாதி வெளிச்சமாகவும் பாதி இருட்டாகவும் இருந்தது. என் நிழல் அதன்மேல் விழவே இல்லை. திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன்.

அடுத்த பௌர்ணமியன்று கூட்டத்தோடு நடந்து அந்தக் கடைக்குப் போனேன். இப்போது அவள்தான் நடத்துகிறாள். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அன்றைக்கு நீ கேட்டதுதான் சரி, தப்பு என்னுடையது என்றேன். நான் என்ன கேட்டேன் என்றாள். எவ்வளவு சொல்லியும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தன் சின்ன மகளைக் கூப்பிட்டு, நிலா ஏன் தேயுதுன்னு மிஸ்ஸுக்குச் சொல்லு என்றாள்.

“பூமியோட நெழல்” என்றது குழந்தை.

அது தப்பும்மா என்று பந்தையும் பல்பையும் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் கடையில் ஆள் சேர்ந்துவிட்டது. தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, கொஞ்சமும் கோபமில்லாமல் அவள் சொன்னாள்: “விடுங்க மிஸ். எனக்குதான் சயின்ஸ் மண்டையில ஏறாதே.”