எங்கள் நிகழ்ச்சிக்குச் சிரித்த குணம் அண்ணை

குணம் அண்ணை போய்விட்டார் என்று துஷி போனில் சொன்னபோது நான் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில் அன்னதான வரிசையில் நின்றேன். என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன்னால் நின்றவர் திரும்பி எந்தக் குணம் என்று கேட்டார். ரீவியில் சிரிக்கிறவர் என்றேன். "அந்தச் சிரிப்போ? அது உண்மையான ஆளோ?" என்றார் அவர். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பேனையைப் பிடித்தால் படித்தவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

"பனிக்குள் பகிடி" நிகழ்ச்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை எழுதியவள் என் தங்கையின் மகள் துஷி. இந்தப் பனி நாட்டிலேயே பிறந்தவள். பெயரைச் சொல்லத் தெரியாத வெள்ளை மனேச்சர், வெள்ளைப் பெண் தேடும் கறுத்த மாப்பிள்ளை, படங்களில் வருகிற பால்நிறக் கதாநாயகிகள் என்று எல்லாரையும் குட்டிக் குட்டி நாடகங்களில் இழுத்துப் போட்டாள். முக்கிய நடிகன் நான். நடிப்பில் என்னை வெல்ல இந்த மாகாணத்தில் ஆளில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சொல்லாதவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆங்கிலப் பகிடி நிகழ்ச்சிகளில் பின்னால் சிரிப்புச் சத்தம் வருமே, அதுபோல எங்களுக்கும் வேண்டுமென்று துஷி கணினியிலிருந்து ஆயத்தச் சிரிப்பு ஒன்றை எடுத்துப் போட்டாள். பொருந்தவில்லை. அது வெள்ளைக்காரர் சிரிப்பு. மரியாதையாகத் தொடங்கி மரியாதையாக நின்றுவிடும். எங்கள் ஆட்கள் அப்படியா நிறுத்துவார்கள்? பிறகு அக்கம்பக்கத்துத் தமிழர்களைக் கூட்டிவந்து இருத்தினோம். அவர்கள் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்கள். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.

நாங்கள் படம் பிடித்தது ரூஜ் பகுதியில் குணம் அண்ணையின் வீட்டுக் கராஜில். ஹீற்றரைப் போட்டுவிட்டுப் போக வந்தவர் என் பகிடி ஒன்றைக் கேட்டுவிட்டார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தைமாதக் குளிரில் ஸ்ரார்ட் ஆகாத கார் மாதிரி ஒரு கிறீச். பிறகு என்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து நகரமான அஜக்ஸில் நாய்கள் குரைத்தன. நம்பாவிட்டால் துஷியைக் கேளுங்கள். அவள் மறுப்பாள், அது அவளுடைய சுபாவம். ஆனால் அன்றைக்கே அவருக்கு முன்னால் மைக்கை வைத்தவளும் அவள்தான்.

அவருக்குப் பொய்யாகச் சிரிக்க வராது. அவர் சிரிக்காத காட்சியைத் துஷி வெட்டிவிடுவாள். நான் சீனக் கடைக்காரனாக நடித்த காட்சி ஒன்று இருந்தது. பரிசு வாங்கியிருக்க வேண்டிய காட்சி. குணம் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். "உதில ஆர் பகிடி? நீரோ அவனோ?" என்று கேட்டார். நான் அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் விடவில்லை. இந்த மனிசனுக்கு எதற்குச் சிரிப்பு வரும், எதற்கு வராது என்பதை அறிவதே அதற்குப் பிறகு எனக்கு வேலையாய்ப் போயிற்று.

வீடு வாடகைக்குக் கேட்டு வரும் தமிழனைக் கறிமணம் என்று மூக்கைச் சுளித்துத் துரத்துகிற வெள்ளைக்காரியாகத் துஷி நடித்தபோது அண்ணை கதிரையால் விழுந்து சிரித்தார். சிரித்து முடிய, அடுத்த கிழமை இதைத் திருப்பிப் போடப் போகிறேன், வீட்டுக்காரர் தமிழர் என்றாள் துஷி. குணம் அண்ணை எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். தன் வீட்டுக் கீழ்த்தளத்து பேஸ்மென்றை எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் கொடுப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். என்ன நாடு, என்ன சமையல், வீட்டுக்கு ஆர் ஆர் வருவினம் என்று அவர் போனில் விசாரிப்பதை நானே துஷிக்கு நடித்துக் காட்டியிருந்தேன். அவள் அப்படியே எழுதிவிட்டாள். கராஜும் அவருடையது, சிரிப்பும் அவருடையது. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் நிகழ்ச்சி அன்றோடு சரி.

நான் சாரம் கட்டி வீட்டுக்காரனாக நடித்தேன். அவர் சிரிக்கவில்லை. காட்சி முடிந்தது.

"உது நான்தானே?"

"இல்லையண்ணை, பொதுவா எழுதினது" என்றேன்.

"சும்மா இரும். நான்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா நான் செய்தது உதைவிட மோசம், பிள்ளை."

பிறகு சொன்னார். முற்றத்தில் வாடகைக்கு விடப்படும் என்று போர்ட் நட்டிருந்த நாட்களில் ஒருநாள் கதவு தட்டப்பட்டது. ஜமேக்கா ஆள், நல்ல உயரம், பஸ் ஓட்டுநர் சீருடை. அண்ணை ஆளைப் பார்த்துவிட்டு, நான் வீட்டுக்காரன் இல்லை, அவர் சிலோனுக்குப் போயிருக்கிறார், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்றாராம். அவருக்குப் பின்னால் சுவரில் அவரும் மனைவி அன்னம் அக்காவும் கலியாண மாலையோடு நிற்கும் பெரிய படம். அந்த மனிதர் படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் திரும்பவும் வந்தார். இன்னும் வரவில்லை என்றார் அண்ணை.

"ஏன் இவ்வளவு நாள், வீட்டுக்காரருக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு கேட்டான், தம்பி. எனக்குச் சுகமில்லையோ எண்டு என்னட்டையே கேட்டான்."

அப்போதுதான் அந்தக் கிறீச் கேட்டது. பிறகு என்ஜின் பிடித்தது. துஷி மைக்கை நிறுத்தவில்லை.

"அதையும் நாடகத்தில போடுங்கோ" என்றார் அண்ணை.

வீட்டுக்குள் போகும் கதவடியில் நின்ற அன்னம் அக்கா கேட்டார்: "போட்டா நாளைக்கு எந்த முகத்தோட கோவிலுக்குப் போறது?"

"இந்த முகத்தோடதான். சிரிச்சாப் பிறகு மறைக்கேலாது, அன்னம்."

தானே போய்ச் சுவரிலிருந்த அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, கராஜில் எனக்குப் பின்னால் மாட்டினார். அதன் முன்னால் நின்றுதான் நான் அந்தக் கதையை நடித்தேன். ஒளிபரப்பானபோது அவரைத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. தெரியாதவர்கள் சும்மா இருந்தார்களா? எங்கெங்கோ இருந்த வீட்டுக்காரர்கள் ரீவிக்குப் போன் எடுத்து, தன்னைத்தான் நக்கலடித்ததாக ஆளுக்காள் சண்டை பிடித்தார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அண்ணையின் தலைவர் பதவி போயிற்று. கலியாண வீடுகளில் அவருடைய மேசையில் இரண்டு கதிரை காலியாகவே இருக்கும். நான் போய் ஒன்றில் இருப்பேன். எனக்கு எங்கேயும் மரியாதைதான்.

எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போய் நானூற்றொன்று பெருந்தெரு நெரிசலில் நின்றபோது கேட்டுவிட்டேன். அந்த மனிதரைத் தேடினீர்களா அண்ணை? பேர்கூடக் கேட்கவில்லையே என்றார். கார் வைத்திருந்த மனிசன் ஏன் எங்கே போனாலும் பஸ்ஸில் போகத் தொடங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"கண்டா என்னண்ணை சொல்லுவியள்?"

வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரர் வந்திட்டார் எண்டு சொல்லுவன்."

கடைசிவரை அவர் அந்த மனிதரைக் காணவில்லை. கண்டிருந்தால் முதலில் எனக்குத்தான் சொல்லியிருப்பார்.

செத்தவீட்டில் அன்னம் அக்கா என்னிடம் அண்ணையின் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இப்போது நானும் பஸ்ஸில் ஏறினால் முதலில் ஓட்டுநரைத்தான் பார்க்கிறேன். அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியாது. அவர் ஓய்வெடுத்து எங்கோ போயுமிருக்கலாம். ஆனால் அண்ணை சொல்ல வைத்திருந்த செய்தி இன்னும் சொல்லப்படவில்லை. நான் சொல்லுவேன்.