ஆரலைப் பாம்பு என்றவர்கள்

போன வாரம் போடி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். போடி மெட்டு மலைப்பாதையிலிருந்து இறங்கிய ஜீப்பு டிரைவர், "மீன் வாத்தியாரு போயிட்டாராம்ணே, வெரசா போங்க" என்றார். செய்தி உறைக்கும் முன்பே அந்தப் பட்டப்பெயர் எரிச்சலூட்டியது. சங்கரலிங்கம் என்று அழகான பெயர் இருந்தது. செத்த அன்றுகூட அதைச் சொல்ல இந்த ஊருக்கு வாய் வரவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், எங்கள் பள்ளியில் அவர் விஞ்ஞானம், நான் தமிழ். ஆசிரியர் அறையில் என் மேசைக்கு எதிரேதான் அவருடைய மீன் ஜாடிகள். நானோ சுத்த சைவம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எதிரே ஒரு கெளுத்தி வாயைப் பிளந்துகொண்டிருக்கும். குமட்டும். தள்ளி வையுமய்யா என்றால், வேண்டுமென்றே ஆரல் மீன் ஜாடியை என் பக்கம் திருப்புவார். "பாம்பு மாதிரி இருக்குல்ல? ஆனா செவுள் இருக்கு, துடுப்பு இருக்கு. விலாங்கு மாதிரியும் இருக்கு. ஆனா விலாங்குக்கு முதுகுல இந்த முள்ளு வரிசை கிடையாது, மூக்கும் இப்படி நீளாது. இது தனிக் குடும்பம்ணே. உருவத்தைப் பாத்து உறவு சொல்லக்கூடாது."

அந்தச் சந்தை நாளும் உங்களுக்கு நினைவிருக்கும். சிலமலைச் செல்லாயி புருஷனை இழந்தவள். கண்மாய் மீன் விற்றுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவந்தாள். அன்று கூடையில் ஆரல். என்ன மீன் என்று கேட்டவளிடம், "பாம்பு கணக்கா இருக்கும் ஆத்தா, ருசி அள்ளும்" என்று வாயை விட்டுவிட்டாள். 'பாம்பு' என்ற சொல் மட்டும் சந்தை முழுக்க ஓடியது. பாம்பை அறுத்து விற்கிறாள் என்று கூடையைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த குத்தகைக்காரர் இனி இங்கே உட்காரக் கூடாது என்றுவிட்டார். சுதந்திரம் வந்த பிறகும் சந்தைக்குள் அவர் வைத்ததுதான் சட்டம்.

சங்கரலிங்கம் சாக்கடைக்குள் கையை விட்டு ஒரு மீனை எடுத்தார். கோழையும் சேறும் முழங்கை வரை வழிந்தன. செவுளைத் தூக்கிக் காட்டினார். முதுகு முள்ளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். பிறகு குத்தகைக்காரர் சொன்னதைத்தான் என்னால் இன்றும் சகிக்க முடியவில்லை. "மீனுதான் சார், யாரு இல்லேன்னது? சனங்க அருவருப்புப்படுதுல்ல. அவ வேற சோலி பாக்கட்டும்."

அடுத்த சந்தையில் செல்லாயியின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துச் சங்கரலிங்கமும் உட்கார்ந்துவிட்டார். வாத்தியாரைக் கிளப்பக் குத்தகைக்காரருக்குத் துணிச்சல் இல்லை. மழையோ வெயிலோ, ஆட்கள் தயங்காமல் வாங்கத் தொடங்கும் வரை சந்தை தவறாமல் உட்கார்ந்தார்.

"நாறுதே ஐயா" என்றேன் ஒருநாள்.

"எனக்குந்தாண்ணே நாறுது" என்றார்.

துக்க வீட்டில் அதே குத்தகைக்காரர், சந்தனமும் அத்தருமாக முன்வரிசையில் இருந்தார். சந்தையிலிருந்து நேரே ஓடிவந்த செல்லாயி படியேறியதும் அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெளிய நில்லாத்தா, வாடை" என்றார். அந்த அத்தர் மணத்துக்குத்தான் நான் முகம் சுளித்தேன். "நீ வா தாயி" என்று அவளைக் கூட்டிப்போய்த் தலைமாட்டில் உட்காரவைத்தேன். நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.

மீன் வாடை எனக்கு இன்றும் ஆகாது. எதைக் கண்டு முகம் சுளிப்பது என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.