மைக்கல் வாங்கிய வயர் மவுஸ்

“ஊடகப் பணிக்குழு ஒருங்கிணைப்பாளர்: நவீனத் தொழில்நுட்பத்தில் ஆர்வமும், எச்சூழலிலும் நிதானமும், குழுவை வழிநடத்தும் ஆற்றலும் கொண்ட இளையோர்.”

எங்கள் தேவாலயப் பங்கின் கையேட்டில் இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் மைக்கல் செல்லப்பன் என்று பெயர். மைக்கலுக்கு வயது ஐம்பத்தெட்டு. குழுவில் அவரைத் தவிர ஆள் இல்லை. நிதானத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவர் மனைவி ஐலீன் பேச்சை மாற்றி, தேநீர் போட எழுந்து போய்விடுவார்.

ஆலையில் மைக்கல் வேறு ஆள். லாயாங் லாயாங் ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி. குலை ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்று ஹார்ன் அடிக்கும், டிரைவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள், அவர் அசையாமல் எடையைப் பதிந்துகொண்டிருப்பார். அங்கே தப்பு செய்தால் வேலை போகும். அதற்கு அவர் பயந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் வேலைக்குத்தான் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே பயப்படுவார். அதில் தப்பு செய்தால் ஒன்றும் போகாது. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மைக்கலுக்கு அது போதும்.

ஆகவே யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்க முடியாத இடமாகத் தேடி அவர் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் இருப்பது கோயிலின் முன்பக்கம், வாசக மேடைக்கு அருகே ஒரு சின்ன மேசையில். புரொஜெக்டரின் வயர் அங்கேதான் சுவரிலிருந்து வருகிறது. மைக்கல் இருப்பது பக்கவாட்டில், ஒரு பெரிய தூணுக்குப் பின்னால். மடியில் பாட்டுப் புத்தகம், அதன்மேல் வயர்லெஸ் மவுஸ். திரை அவருக்குத் தெரியும், அவர் யாருக்கும் தெரியமாட்டார். லேப்டாப்பின் கீபோர்டில் எப்போதோ ஒரு விருந்தில் ஆரஞ்சு ஜூஸ் கொட்டிப் பாதிப் பொத்தான்கள் செத்துவிட்டன. விரலால் தடவும் பட்டையை அவர் நம்புவதில்லை. பக்கத்தில் மூச்சுவிட்டாலே நகரும் என்பார். மவுஸ் ஒன்றுதான் கதி.

அந்த மவுஸ்தான் டாரிலின் அடக்கப் பூசையில் அவரைக் கவிழ்த்தது.

டாரிலுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சிங்கப்பூரில் வேலை, திடீரென்று மாரடைப்பு. மனைவி ஷர்மைன் முதல் வரிசையில், பெட்டிக்குப் பக்கத்தில். நன்றி மன்றாட்டு முடிந்து, பிரியாவிடைப் பாட்டின் முதல் வரியைப் பாடகர் குழு எடுத்தபோது திரை தானாக நகர்ந்தது. ஒரு பக்கம், இரண்டு பக்கம், பிறகு கிடுகிடுவென்று. கடைசியாக வந்து நின்றது அதே கோப்பின் அடியில் கிடந்த போன வாரக் கல்யாணப் பூசையின் முகப்புப் பக்கம்: இரண்டு மோதிரம், இரண்டு புறா, சுற்றிலும் ரோஜாப் பூ, நடுவில் “மணமக்களுக்கு வாழ்த்துகள்”.

மைக்கலின் கை மவுஸின்மேல் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர் எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே போய், தன் காரில் உட்கார்ந்துகொண்டார். பாடகர் குழுவின் ஃபெலிசியா ஓடிவந்து புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கும்வரை புறாக்கள் பெட்டிக்கு மேலேயே இருந்தன.

மைக்கல் பதவியை விட்டுவிடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவரும் நினைத்தார். அதற்குள் ஷர்மைன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அங்கிள், நாப்பதாம் நாள் பூச வெள்ளிக்கெழம சாயந்தரம். ஸ்க்ரீன் நீங்கதான் பண்ணணும்.”

“நான் வேணாம்மா. ஃபெலிசியாகிட்டக் கேளேன். அது நல்லாப் பண்ணும்.”

“ஃபெலிசியா அக்கா பாடணும். நீங்கதான அன்னைக்குப் பண்ணீங்க. நீங்களே சரியாப் பண்ணிக் குடுங்க.” செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். “கல்யாணப் பாட்டு மட்டும் வேணாம்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம் என்று மைக்கல் பிற்பாடு ஐலீனிடம் சொன்னாராம். மறுநாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் டிவி சேனல் தானாக மாறினால்கூட, ஐலீன் ரிமோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிகிறவரை எழுந்து நின்றுகொண்டிருப்பார்.

முதல் காரியமாகப் பழைய மவுஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு குளுவாங் பட்டணத்துக்குப் போனார். அங்கே சுகுமாறன் என்பவர் போன், கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். செலவு இருபத்தைந்து வெள்ளிக்கு மேல் போனால் பங்குப் பேரவையின் அனுமதி வேண்டும். பேரவை அடுத்த மாதம்தான் கூடும். ஆகவே கண்ணாடிக்குள் இருந்த நல்ல சரக்கையெல்லாம் மைக்கல் பார்க்காமலே தாண்டினார். மலிவுச் சாமான் தொங்கும் கம்பி வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

“வயர் உள்ளதா, வயர்லெஸ்ஸா அங்கிள்?”

“எது தானா நகராது தம்பி?”

“ரெண்டுமே தானா நகராது லா.”

“நகர்ந்துச்சு.” மைக்கல் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

சுகுமாறன் பையைப் பிரித்து மவுஸைத் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு ஒரு குச்சி இருக்குமே, ரிசீவர், லேப்டாப்ல சொருகுறது. எங்க அது?”

“லேப்டாப்லயே இருக்கு. ரெண்டும் அங்கதான் இருக்கு.”

“ரெண்டா? உங்களுக்கு எதுக்கு ரெண்டு?”

“ஒன்னு எங்களது. இன்னொன்னு மேண்டரின் குரூப்போடது. அவங்களும் எங்க லேப்டாப்பத்தான் யூஸ் பண்ணுவாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆஃபர்ல வாங்குன மவுஸ்.”

“அவங்க குச்சிய எடுத்து வெக்க வேண்டியதுதான?”

“அவங்க சாமான எப்படித் தம்பி நாம தொடுறது?”

எங்கள் பங்கை அறியாதவர்களுக்கு இது விளங்காது. தமிழ், சீனர்களின் மேண்டரின் என்று நான்கு மொழிக் குழுக்கள் ஒரு கூரையின்கீழ் சண்டையில்லாமல் இருப்பதற்குக் காரணமே, யாரும் யார் பொருளையும் தொடுவதில்லை என்பதுதான். தமிழ்க் குழுவின் பூச்சாடியில் மேண்டரின் குழுவின் பூ வாடி நின்றாலும், அதை அவர்கள் வந்து எடுக்கும்வரை அப்படியே விட்டு வைப்போம். மரியாதை.

சுகுமாறன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். குச்சி எந்த லேப்டாப்பில் இருக்கிறதோ, அதைத்தான் அதன் மவுஸ் நகர்த்தும். அன்றைக்குப் பக்கத்தில் மேண்டரின் குழு ஏதாவது செய்ததா?

செய்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில் அவர்களுக்குப் பயிற்சி. இங்கே சாவுப் பூசை நடக்கிறதே என்று பாடாமல், தங்கள் தலைவியின் சொந்த லேப்டாப்பில் திரையை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குச்சியோ எங்கள் லேப்டாப்பில். மவுஸை அழுத்தினால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால் இன்னும் அழுத்தினார்கள்.

மைக்கல் நாற்காலி தேடி உட்கார்ந்தார். “அப்போ செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு கிளிக் பண்ணாலும் இங்க மாறுமா?”

“பத்து மீட்டர் வரைக்கும் போகும் அங்கிள். பேய் இல்லன்னு தெரிஞ்சிருச்சுல்ல, சந்தோஷப்படுங்க.”

“பேயா இருந்தா ஃபாதர்கிட்டச் சொல்லி மந்திரிக்கலாம். மேண்டரின் குரூப்ப என்னான்னு மந்திரிக்கிறது?”

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வாழ்நாள் முழுக்க நம்பி முழங்காலில் நின்றவர், கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை ஒரு நிமிடம்கூட நம்ப மறுத்தார். வயர் உள்ளது வேண்டும் என்றார். கையிலிருந்து லேப்டாப்வரை கண்ணால் பார்க்கும்படி ஒரு கறுப்பு வயர் போகவேண்டும்.

“ஒன்னர மீட்டர்தான் இருக்கும். ஒங்க எடத்துக்கு எட்டுமா? எக்ஸ்டென்ஷன் தரவா?”

எக்ஸ்டென்ஷன் போட்டால் நடைபாதையின் குறுக்கே வயர் போகும். காணிக்கைப் பவனியில் அப்பமும் திராட்சை ரசமும் தூக்கிவரும் ஷர்மைன் அதில் தடுக்கி விழுவதை மைக்கல் கடையிலேயே முழுதாகப் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். இரண்டு வேளைச் சாப்பாட்டு விலைக்கு வயர் மவுஸ் கைமாறியது.

இனி அந்தக் குச்சி. மைக்கல் அதைத் தொடவில்லை. மேண்டரின் குழுத் தலைவி மிஸஸ் லிம்முக்குப் போன் செய்து, அவர் வந்து தன் கையாலேயே பிடுங்கி எடுக்கும்வரை மேசைக்குப் பக்கத்தில் காவல் நின்றார். விவரம் கேட்டதும் அந்த அம்மா வாயில் கை வைத்து, “அலமாக், அங்கிள்,” என்றார். பலமுறை மன்னிப்புக் கேட்டார். பிறகு மலாயில் ஒரு விஷயம் சொன்னார்: அந்த மவுஸ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அவர்கள் அதை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

அதாவது ஆபத்து எப்போதோ தீர்ந்துவிட்டது. பழைய வயர்லெஸ்ஸை வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிம்மதியாக உட்காரலாம். ஐலீன் அதைத்தான் சொன்னார்.

“இப்ப என்னாங்க பயம்? அதான் அவங்க பண்ணதுன்னு தெரிஞ்சு போச்சே.”

“அதுதான் பயம். இனிமே தப்பு வந்தா நான் பண்ணதுதான.”

“அப்ப தூணுக்குப் பின்னால உக்காந்து பண்ணுங்க. ஓடுறதுக்கும் கதவு பக்கத்துலயே இருக்கு.”

மைக்கல் வயர் மவுஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் ஐலீன் எதையும் தெரியாமல் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. நாங்கள் உள்ளே போனபோது லேப்டாப் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது, மக்களைப் பார்த்தபடி. அதில் மைக்கல், முழுக்கைச் சட்டையில். முதல் வரிசை அங்கிருந்து கைநீட்டும் தூரம். எல்லாருக்கும் எதிரே அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயம் ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வந்து, அவரைக் கோயிலிலேயே மறைவில்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. கால் ஆடியது. மேசையும் சேர்ந்து ஆடியது. வயர் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது.

வருகைப் பாட்டு ஒழுங்காகப் போயிற்று. வாசகங்கள், பதிலுரைப் பாடல், எல்லாம் வந்தன. அவர் மூச்சுவிடுகிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. டாரிலின் பெயரை ஃபாதர் சொன்னார். பிரியாவிடைப் பாட்டு தொடங்கியது.

மைக்கலின் விரல் அவசரப்பட்டு இரண்டு தடவை அழுத்திவிட்டது. முதல் சரணம் முடிந்ததும் இரண்டாவதைத் தாண்டித் திரை மூன்றாவதற்குப் போனது. முன்வரிசையில் பாட்டு நின்றது, பின்வரிசை தடுமாறியது. ஃபெலிசியா புருவத்தைத் தூக்கினார். ஷர்மைன் திரையைப் பார்க்கவில்லை. நேராக மைக்கலைப் பார்த்தார். பக்கக் கதவு மழைக்காற்றில் பாதி திறந்திருந்தது. மைக்கலும் அதைப் பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு யாரும் இல்லை.

அவர் வலது கையின்மேல் இடது கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் பின்னால் வந்தார். ஷர்மைன் முகத்தைத் திரைக்குத் திருப்பி, விட்ட வரியிலிருந்து பாடத் தொடங்கினார். மைக்கல் செல்லப்பன் எழுந்து போகவில்லை. பூசை முடிந்து விளக்கு அணைக்கும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பக்கங்களை மாற்றினார்.